புரோக்கர் அன்புமணிக்கு ஒரு வீடு

வாடகைக்கு வீடு காட்டப் போனால் அன்புமணி கேட்டைத் தாண்டி உள்ளே போகமாட்டார். சாவியை வந்தவர் கையில் கொடுத்துவிட்டு, வண்டிமேல் சாய்ந்துகொண்டு வெளியிலிருந்தே குரல் கொடுப்பார்.

"எடது பக்கம் சுச்சு இருக்குதுங்க. சமையக்கட்டு ஜன்னலத் தொறந்து பாருங்க, காத்து பிச்சுக்கிட்டு வரும்."

அவருடைய மகள் மதிவதனி சின்ன வயதில், பள்ளி விட்டதும், அவருடைய மொபெட்டின் முன்பக்கம் நின்றபடி கூடவே போவாள். வந்தவர்கள் காலி வீட்டுக்குள் நடக்கும் சத்தமும் குழாயைத் திறந்து மூடும் சத்தமும் தெருவரை கேட்கும். அப்பா மட்டும் வெயிலில் நிற்பார். செருப்பைக் கழற்றச் சோம்பல்படுகிறார் என்று அவள் நினைத்திருந்தாள். பத்தாவது படிக்கும்போது கேட்டே விட்டாள்.

"ஊடு பாக்கறவங்க அவங்களுக்குள்ள மனசு விட்டுப் பேசோணுமில்ல கண்ணு. நாம கூட நின்னா கூச்சப்படுவாங்க" என்றார்.

அது பொய் இல்லை. ஆனால் அது மட்டுமே காரணமாக இருக்காது என்று கல்லூரிக்குப் போன பிறகு அவளுக்குப் பட்டது. அதை அவள் கேட்கவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் வாடகை வீடு தேடிய எவருக்கும் அன்புமணியைத் தெரியும். அவருடைய அப்பா அங்கப்பன் கடைசிவரை அடுத்தவர் தோட்டத்தில் பண்ணையத்து ஆளாகவே இருந்தவர். அந்த வேலை வேண்டாம் என்று அன்புமணி பம்பு கம்பெனியில் லோடுமேனாகச் சேர்ந்தார். இரும்பு தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் மெயின் ரோட்டு பேக்கரியில் வந்து உட்காருவார். வீடு தேடி வருகிறவர்கள் அங்கேதான் விசாரிப்பார்கள். எந்தத் தெருவில் எந்த வீடு காலி என்று இவர் சொல்ல, அவர்கள் டீ வாங்கித் தர, அப்படியே அது தொழிலாகிவிட்டது. நல்ல சட்டை போடுவார். வெளியாட்கள் யாரிடமும் 'ங்க' சேர்க்காமல் பேசமாட்டார், எட்டு வயதுப் பையனிடம்கூட.

வீட்டுக்காரர்கள் அவரிடம் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொல்வார்கள்.

"நம்ம ஆளுங்களாப் பாத்து அனுப்பு அன்பு."

அந்த 'நம்ம'வில் அன்புமணி கிடையாது. சொல்கிறவருக்கும் அது தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். சொல்கிறவர் அதை வேகமாகச் சொல்வார். இவர் அதைவிட வேகமாகச் "சரிங்கண்ணா" என்பார். பேச்சு தண்ணீர் வரும் கிழமைக்குப் போய்விடும்.

வீடு கேட்டு வருகிறவர்களிடம் அன்புமணி சாதி கேட்டதே இல்லை. "சொந்த ஊரு எதுங்க? குலதெய்வம் எந்தப் பக்கமுங்க?" என்பார். ஊரும் கோயிலும் தெரிந்தால் மற்றதெல்லாம் கொங்கு நாட்டில் தானாகத் தெரிந்துவிடும். வந்தவர் அந்த வீட்டுக்கு ஆகாதவர் என்றால் முகத்தில் அப்படி ஒரு வருத்தத்தைக் கொண்டுவருவார்.

"அட, ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதுங்களா? நேத்துத்தான் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிப்போட்டாங்க."

பிறகு அவர்களைப் பேக்கரிக்குக் கூட்டிப் போய் டீயும் தேங்காய் பன்னும் வாங்கித் தருவார். அவருடைய சொந்த சனங்கள், அவருடைய சாதிக்காரர்களே, அந்த பன்னைத் தின்றுவிட்டு நன்றி சொல்லிப் போயிருக்கிறார்கள்.

இப்படியே காலம் ஓடியது. மதிவதனி வேலைக்குச் சேர்ந்த வருஷம், அன்புமணி குடும்பம் குடியிருந்த இடத்துக்கே ஆபத்து வந்தது. பம்பு கம்பெனிக்குப் பின்னாலிருந்த லைன் வீடு அது. எல்லாம் கம்பெனி வேலைக்காரர்கள், யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. குடோன் கட்டுவதற்காக ஒருவர் அந்த இடத்தை வாங்கிவிட்டார். ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள் என்பதால் ஆவணி கடைசிவரை டைம் தந்தார். "அதுக்கு மேல ஜேசிபி நிக்காதுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். சொந்த ஊரில் அங்கப்பனின் ஒற்றை அறை வீட்டில் அன்புமணியின் தம்பி குடும்பம் இருந்தது. அங்கே இன்னும் மூன்று பேருக்கு இடமில்லை.

லைன் வீட்டின் சுவரில் ஒரு பெரிய ஆணி. காலி வீடுகளின் சாவிகளெல்லாம் அதில்தான் தொங்கும். அன்புமணியின் மனைவி பொற்கொடி ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலைக்குப் போகிறவள். வேலை முடிந்து வந்து, சாப்பிட உட்கார்ந்தபடி, அந்த ஆணியைப் பார்த்துச் சொன்னாள்:

"ஊருக்கே ஊடு வெச்சிருக்கறீங்க. நமக்கு ஒண்ணு எடுத்தா என்னங்க?"

"அது நம்ம சாவி இல்லையே."

"சாவி யாருதுன்னா கேட்டேன்?"

அன்புமணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மதிவதனி அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. போகும் வழியில் பாலத்துக்குக் கீழே ஒரு பெரிய விளம்பரப் பலகை இருந்தது: 'புரோக்கர் வேண்டாம். கமிஷன் வேண்டாம். வீடு நேராக உங்கள் கையில்.' அதைத் தாண்டும்போதெல்லாம் அப்பாவை யாரோ பெயர் சொல்லித் திட்டியதுபோல் இருக்கும். அப்படியிருந்தும் ஒருநாள் பஸ்ஸிலேயே அந்த விளம்பரத்தின் ஆப்பைப் போனில் ஏற்றிக்கொண்டாள். வீட்டில் சொல்லவில்லை.

அது எத்தனை பேர் என்று கேட்டது. பைக் நிறுத்த இடம் வேண்டுமா, கறி சமைப்பீர்களா, நாய் உண்டா என்றெல்லாம் கேட்டது. ஊரைக் கேட்கவில்லை, கோயிலைக் கேட்கவில்லை. இத்தனை சுலபமா என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தச் சந்தோஷத்துக்காக அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டுமோ என்றும் இருந்தது.

துடியலூரில் ஒரு மாடி வீடு பிடித்துப்போனது. சனிக்கிழமை போய்ப் பார்த்தாள். வீட்டுக்கார அம்மா தங்கமாகப் பேசினார். மோர் கொடுத்தார்.

"எந்தக் கம்பெனி அம்மணி? ஓ, நல்ல கம்பெனியாச்சே. ஏனுங்க அம்மணி, உங்களுக்குச் சொந்த ஊரு?"

"பெரியநாயக்கன்பாளையந்தானுங்க."

"அது இப்ப இருக்கறது. பூர்வீகம்?"

சொன்னாள்.

"அட, என்ற சித்தி ஊரு! அங்க எந்த வீதி?"

மதிவதனிக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பா கேட்கிற அதே கேள்வி, அதே குரல். வீதியின் பெயரை மாற்றிச் சொல்ல நாக்கு ஒரு நொடி புரண்டது. சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அந்த அம்மாவின் முகம் மாறவேயில்லை, அதே சிரிப்பு.

"சரிங்க அம்மணி. அவுரு வந்ததும் கேட்டுட்டு போன் பண்றேன். மோரு இன்னுங் கொஞ்சம்?"

போன் வரவில்லை. மறுநாள் ஆப்பில் அந்த வீட்டின்மேல் 'வாடகைக்குப் போய்விட்டது' என்று இருந்தது. அதற்கும் இரண்டு நாள் கழித்து அதே வீட்டின் படத்தோடு அவளுக்கே செய்தி வந்தது: 'நீங்கள் விரும்பிய வீடு இன்னும் காலியாக உள்ளது! உடனே அழையுங்கள்.' கீழே, வீடு பார்த்த அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றும் கேட்டிருந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆப் விஷயத்தில் அன்புமணிக்குக் கோபம் வரவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா முன்னாடியே விசாரிச்சிருப்பேன். நீ அந்தப் படியேறிப் போயிருக்க வேண்டியதில்ல."

"என்னன்னு விசாரிப்பீங்க?"

"கேக்க வேண்டியதத்தான்."

"அப்ப நீங்களே எனக்கு ஊடு இல்லேன்னு சொல்லியிருப்பீங்க. அப்படித்தானுங்கப்பா?"

"ஆமா. நாஞ் சொன்னா நோகாதில்ல?"

மதிவதனி தட்டைக் கழுவப் போனாள். எது நல்லது, அப்பாவின் பன்னா, அந்த அம்மாவின் மோரா? முன்னதில் படியேற வேண்டாம். பின்னதில் படியேறி, மாடி பார்த்து, எந்த அறை யாருக்கு என்று மனசுக்குள் பிரித்து முடித்த பிறகு இறங்க வேண்டும். யோசித்து யோசித்து, இரண்டிலும் வீடு இல்லை என்பதோடு படுத்துவிட்டாள்.

ஆடி முடிந்தது. பொற்கொடி நச்சரித்து நச்சரித்து, கடைசியில் அன்புமணி ஒருவரிடம் போய்க் கேட்கச் சம்மதித்தார். நாச்சிமுத்து என்ற அந்த வீட்டுக்காரருக்கு வாடகைக்கு விட்ட வீடுகள் ஒரு வரிசையே உண்டு. எல்லாவற்றுக்கும் ஆள் பிடித்துக் கொடுத்தவர் அன்புமணி. துணைக்கு மதிவதனியும் போனாள்.

நாச்சிமுத்து முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்புமணி விஷயத்தைச் சொல்வதற்குள் மழை, வாழைத்தார் விலை, யாரோ ஒருவரின் மூட்டு ஆபரேஷன் எல்லாம் பேசி முடிந்தது. பிறகு, வேறு யாருக்கோ கேட்கிற மாதிரி சொன்னார்:

"கடைசி ஊடு காலியா இருக்குதில்லீங்கண்ணா. ஒரு பார்ட்டி கேக்கறாங்க. மூணு பேருதான். சின்னக் கொழந்தைக இல்ல. வாடகை தவறாது."

"யாரு, எந்த ஊரு?"

"நாங்கதானுங்க."

நாச்சிமுத்து கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அன்பு, உன்னையப் பத்தி எனக்குத் தெரியாதா? உனக்கு இல்லேன்னு என்ற வாயால சொல்லுவனா? நான் ஒண்டியாளா இருந்தா இன்னிக்கே பால் காச்சுன்னுருப்பேன். பக்கத்து ஊட்டுக்காரங்க காலி பண்ணீருவாங்க. நீதான் கொண்டாந்து வெச்ச, அவங்களப் பத்தி உனக்கே தெரியுமே."

"தெரியுமுங்கண்ணா."

"மனசுல வெச்சுக்காத."

"அய்யோ, என்னங்கண்ணா."

அன்புமணி சட்டைப்பையிலிருந்து அந்த வீட்டின் சாவியை எடுத்து நீட்டினார். நாச்சிமுத்து அதை வாங்கவில்லை.

"அட, அது உங்கிட்டயே இருக்கட்டும். வாரவங்களுக்குக் காட்டோணுமில்ல? ஞாயித்துக்கெழமைக்குள்ள நல்ல பார்ட்டியாப் பாரு."

அன்புமணி சாவியை மறுபடி பையில் போட்டுக்கொண்டார். "சரிங்கண்ணா" என்றார்.

வண்டியில் வரும்போது மதிவதனி பின்னாலிருந்து கத்தினாள். "அந்தச் சாவிய எதுக்குத் திரும்பப் பையில போட்டீங்க? அங்கயே வீசியெறிஞ்சுட்டு வந்திருக்கலாமல்ல?"

"வீசுனா?"

"வீசுனா அவருக்கு உறைக்கும்."

"அவருக்கு நாளைக்கு வேற புரோக்கர் வருவான். நமக்கு?" சிறிது தூரம் போய், "கத்தாத கண்ணு, இடுப்பு வலிக்குது" என்றார். அவள் கத்துவதற்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு ஒரு நல்ல பார்ட்டி கிடைத்தது. அன்புமணிதான் காட்டினார்.

ஆவணி பாதி ஓடிவிட்டது. அப்போதுதான் அவர் நகரத்தின் மறுகோடியில், போத்தனூரில் இருக்கும் யாகூபுக்குப் போன் போட்டார். யாகூபும் புரோக்கர்தான். அந்தப் பக்கம் ஆள் வந்தால் இவர் அனுப்புவார், இந்தப் பக்கம் வந்தால் அவர் அனுப்புவார். புரோக்கர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு புரோக்கர் தனக்கே வீடு கேட்டால், பார்த்துக் கொடுப்பவர் கமிஷன் வாங்கக் கூடாது. பதிலுக்கு, பார்த்துக் கொடுத்தவர் என்றைக்காவது வீடு கேட்கும்போது வாங்கியவர் பார்த்துக் கொடுக்க வேண்டும். 'வீட்டுக்கு வீடு' என்பார்கள். எழுத்து கிடையாது, கெடு கிடையாது. ஆனால் அதில் தவறினவனுக்குப் பேக்கரியில் யாரும் நகர்ந்து உட்கார இடம் தரமாட்டார்கள்.

யாகூப் இரண்டு நாளில் கூப்பிட்டார். "அன்பு, சாஜிதா பேகம்னு ஒரு அம்மா. புருசன் ரயில்வேல இருந்தவரு, தவறிட்டாரு. கீழ் ஊடு. நீ இன்னாருன்னு நானே சொல்லிட்டேன், நீ வந்து வாயத் தொறக்க வேண்டாம்."

"என்ன சொன்னாங்க பாய்?"

"பன்னிக்கறி ஆக்குவாங்களான்னாங்க. எங்காளுக கேள்வி எங்காளுகளுக்கு."

"நாங்க தின்னதே இல்லீங்க பாய்."

"அதயும் நானே சொல்லிட்டேன்."

மூவரும் போனார்கள். அன்புமணி வழக்கம்போல் கேட்டருகே நின்றார். சாஜிதா பேகம் உள்ளிருந்து சத்தம் போட்டார். "ஏனுங்க, குடியிருக்கப் போறது நீங்களா உங்க வண்டியா? உள்ள வாங்க. கொழா ஒழுகுதா, செவுத்துல ஓதம் ஏறியிருக்குதான்னு பின்னால வந்து சொல்லப்படாது."

அன்புமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். எத்தனையோ வீடுகளை வெளியிலிருந்து அளந்து சொன்னவருக்கு உள்ளே என்ன பார்ப்பதென்று தெரியவில்லை. நடு அறையில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு பொற்கொடியின் பக்கம் திரும்பி, தொழில் குரலில், "நல்ல காத்தோட்டமுங்க" என்றார்.

"எங்கிட்டயே விக்காதீங்க" என்றாள் பொற்கொடி.

சாஜிதா பேகத்துக்குச் சிரித்து இருமலே வந்துவிட்டது. மோட்டார் போட்டால் மறக்காமல் அணைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் போட்ட கண்டிஷன். ஆவணி முடிய நாலு நாள் இருக்கும்போது குடிபோனார்கள்.

பால் காய்ச்சிய அன்றே யாகூப் தன் கேள்வியை வைத்தார். அவருடைய மகள் இல்மா நர்ஸ் படிப்பு முடித்து, பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம். மாப்பிள்ளைக்கு மேட்டுப்பாளையத்தில் வேலை. போத்தனூரிலிருந்து தினமும் பஸ் மாறிப் போய்வருவதில் பெண் ஆளே பாதியாகிவிட்டாள்.

"உன்ற ஏரியாதான் அன்பு. சின்ன ஊடாப் போதும். ரெண்டே பேரு."

"பாத்துப்போடலாமுங்க பாய்" என்றார் அன்புமணி. சொல்லும்போதே அவர் முகத்தை மதிவதனி கவனித்தாள். தொழிலில் அவர் முகம் எப்படியெல்லாம் மாறும் என்று அவளுக்குத் தெரியும். இது அதில் எதுவும் இல்லை.

அடுத்த நாளிலிருந்து அவர் வேலை செய்கிற முறை மாறிப்போனது. வீட்டுக்காரர் போன் செய்து 'நம்ம ஆளுங்களா' என்று ஆரம்பிப்பதற்குள் இவர் முந்திக்கொள்வார்: "ஒரு நர்ஸம்மா இருக்குதுங்க, பேரு இல்மா. மாப்பிள்ளை பேரு ரைஹான். தங்கமான சனம். பேசலாங்களா?" பெயரை மறைத்துக் காரியம் சாதிக்க அவருக்குத் தெரியாதா? மறைக்கவில்லை. மறுமுனையிலிருந்து பதில் வரும்: "ஊட்டுல கேட்டுச் சொல்றேன் அன்பு." அடுத்த வீடு. அங்கேயும் முதலில் பெயர்தான். நாச்சிமுத்து பெயரைக் கேட்டுவிட்டு, "உனக்கு என்ன கெரகம் புடிச்சிருக்குது?" என்று கேட்டார்.

ஒரு மாசம், ரெண்டு மாசம். வீட்டுக்காரர்கள் சாவியை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். சண்டை இல்லை. "பையன் ஆப்புல போட்டுட்டான் அன்பு, இனி உனக்கு எதுக்கு அலைச்சல்?" என்று சொல்லித்தான் வாங்கினார்கள். ஆப் வந்து புரோக்கர் பொழப்பு போச்சு என்று பேக்கரியில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அன்புமணியும் ஆமாம் போட்டார். அப்படி இல்லை என்பது மதிவதனிக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் சொந்த சனத்துக்காக அப்படிப் பேசாத அப்பா, யாகூபின் மகளுக்காக ஏன் பேசினார்? வாக்குத் தவறினால் பேக்கரியில் இடம் போய்விடும் என்றா? அன்று நாச்சிமுத்துவின் சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வந்தது உள்ளே கிடந்து அரித்ததா? அவளே இரண்டு விதமாகவும் யோசித்தாள். அவரிடம் கேட்டிருந்தால், "நர்ஸம்மா பாவம் கண்ணு, பஸ்ல நிக்குது" என்று மட்டும் சொல்லியிருப்பார்.

கேட்க வாய்க்கவில்லை. அடுத்த வருஷம் ஐப்பசியில் ஒரு மழைநாள் மத்தியானம், பெரியநாயக்கன்பாளையத்தில் இல்மாவுக்காக ஒரு வீட்டைப் பேசிவிட்டுத் திரும்பும் வழியில், வண்டியை நிறுத்தி மழைக்கு ஒதுங்கிய பஸ் ஸ்டாப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. இல்மா வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போயிருக்கிறார்கள். அவள்தான் போன் செய்தாள்.

கருமாதிக்கு நாச்சிமுத்து வந்தார். மாலை போட்டார். உண்மையாகவே அழுதார்.

அன்புமணி பேசிவிட்டு வந்த அந்தக் கடைசி வீட்டுக்கு மதிவதனி போன் செய்து கேட்டாள். "ஆமாங்க, அப்பா வந்திருந்தாருங்க. நல்ல மனுசன். நாங்க முடிவா ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார்கள். அவளும் விடவில்லை. இல்மாவுக்கு வீடு வேண்டுமென்று ஆப்பில் போட்டாள். ஆப்பில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் கூப்பிட்டாள். பெயர் கேட்கும்வரை பேச்சு நன்றாகவே போகும். ஒரு தடவை, களைத்துப்போய், பெயரைக் கடைசியில் சொன்னால் என்ன என்று நினைத்தாள். சொல்லியும் பார்த்தாள். இல்மா அந்த வீட்டுப் படியேறி, மாடி பார்த்து, மோர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். அதன்பிறகு மதிவதனி பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறாள்.

யாகூப் ஒருநாள்கூட ஞாபகப்படுத்தவில்லை. தெருவில் பார்த்தால், "வேலையெல்லாம் எப்படிக் கண்ணு?" என்பார். கெடு இல்லாத கடனை எப்படிக் கேட்பது என்று அவருக்கும் தெரியாதோ என்னவோ.

பொற்கொடிக்கு வேலை இன்னும் பெரியநாயக்கன்பாளையத்து மோட்டார் கம்பெனியில்தான். காலையில் போத்தனூரில் அவளும் இல்மாவும் ஒரே பஸ்ஸில் ஏறுகிறார்கள், காந்திபுரத்தில் இறங்கி ஒன்றாகவே மாறுகிறார்கள். போன வாரம் வேலை முடிந்து வந்த பொற்கொடி, சாப்பிடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு என்ன? அந்தப் புள்ள முன்னால ஓடி ஏறி எனக்கு எடம் புடிச்சு வெக்குது. வேண்டாம் கண்ணுன்னாலும் கேக்கறதில்ல. இன்னிக்கும் மேட்டுப்பாளையம் ரோடு பூராவும் அது நின்னுட்டே வந்துச்சு, நான் உக்காந்துட்டு வந்தேன்."

மதிவதனி போனை எடுத்தாள். ஆப்பில் புதிதாக ஒரு வீடு இருந்தது. பெரியநாயக்கன்பாளையம், சின்ன வீடு, இரண்டு பேருக்கு.

"நாளைக்குக் கூப்புடு" என்றாள் பொற்கொடி. "இப்ப வேண்டாம். இன்னொருக்கா இல்லேங்கறதக் கேக்க இன்னிக்கு எனக்குத் தெம்பில்ல."